காஜி அஸத் இப்னுல் ஃபுராத் (ரஹ்): சட்ட மேதையும் ஸிஸிலிப் படைத் தளபதியும்

காஜி என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது பிறை அறிவிப்பும் நிக்காஹ் தஃப்தரும்தான். முற்காலத்தில் காஜி என்பவர் முழு அதிகாரம் கொண்ட நீதிபதி. கொலை வழக்கு, வணிகத் தகராறு, வாரிசுச் சொத்து, அனாதைகளின் பராமரிப்பு எல்லாம் அவர் முன்புதான் வரும். அப்படி ஒரு காஜி, ஹிஜ்ரி 212 ரபீஉல் அவ்வல் மாதத்தில் (கி.பி. 827 ஜூன்), இன்றைய தூனிஸியாவில் இருக்கும் ஸூஸா துறைமுகத்திலிருந்து ஒரு பெரும்படையை அழைத்துக்கொண்டு ஸிஸிலித் தீவை நோக்கிக் கப்பலேறினார். சுமார் 10,000 காலாட்படையினரும் 700 குதிரை வீரர்களும் அவருடைய தலைமையில் சென்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்போது அவருக்கு ஹிஜ்ரிக் கணக்குப்படி 70 வயது.

அவர்தான் அஸத் இப்னுல் ஃபுராத் (ரஹ்). அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ‘ஸிஸிலி வெற்றி’ என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். ஆனால் ஸிஸிலிப் போர் அவருடைய வாழ்வில் கடைசி ஓராண்டு மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டுகளை அவர் ஓதுவதிலும், கேள்வி கேட்பதிலும், ஓதிக்கொடுப்பதிலும், தீர்ப்பளிப்பதிலும் கழித்தார். நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஹிஜ்ரி 142இல் (கி.பி. 759) ஹர்ரான் நகரில் அவர் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. அது இன்று துருக்கியின் தென்கிழக்கில் இருக்கிறது. தந்தை ஃபுராத் இப்னு ஸினான், குராஸானைப் பூர்வீகமாகக் கொண்டவர், அப்பாஸியப் படையில் வீரர். முஹம்மத் இப்னுல் அஷ்அஸ் என்ற தளபதியின் கீழ் அந்தப் படை இஃப்ரீகிய்யாவுக்கு அனுப்பப்பட்டபோது, தந்தையோடு இரண்டு வயதுக் குழந்தையாக அஸதும் போனார். இஃப்ரீகிய்யா என்பது இன்றைய தூனிஸியாவும் அதை ஒட்டிய லிபியா, அல்ஜீரியாப் பகுதிகளும் சேர்ந்த நிலம். தலைநகர் கைரவான்.

அது எல்லைப்புற நாடு. வடக்கே கடல், கடலுக்கு அப்பால் பைஸாந்தியப் பேரரசின் தீவுகளும் கப்பற்படையும். அதனால் கரையோரம் நெடுக ‘ரிபாத்’ எனப்படும் கோட்டைகள் எழுந்தன. காவல் வீரர்கள் அங்கே தங்குவார்கள். இரவில் கடலைப் பார்த்துக் காவல் இருப்பதும், அதே மதிலுக்குள் தொழுவதும் ஓதுவதும் அவர்களுடைய வாழ்க்கை. முனஸ்தீரின் ரிபாத் கி.பி. 796இல் கட்டப்பட்டது. ஸூஸா ரிபாத்தின் கோபுரத்தில் ஹிஜ்ரி 206 (கி.பி. 821) என்று பொறித்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கிதாபும் வாளும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்தச் சூழலை மனதில் வைத்துக்கொண்டால்தான், ஒரு காஜி தளபதியானது நமக்குப் புரியும்.

தம்முடைய பெயரைப் பற்றி அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம். அஸத் என்றால் சிங்கம், அது விலங்குகளில் சிறந்தது. ஃபுராத் என்பது யூப்ரட்டீஸ் நதி, அது நீர்களில் சிறந்தது. பாட்டனார் பெயரான ஸினான் ஈட்டியின் முனை, அது ஆயுதங்களில் சிறந்தது. இப்படிப் பேசுகிற ஒருவரின் குணம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தூனிஸ் நகரில் அலீ இப்னு ஸியாத் (ரஹ்) அவர்களிடம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை ஓதினார். பிறகு ஹிஜ்ரி 172இல், 30 வயதில், மதீனா சென்று இமாம் மாலிக்கிடமே நேரில் அமர்ந்தார். இங்கேதான் அவருடைய கேள்விகள் தொடங்குகின்றன.

இமாம் மாலிக்கின் மஜ்லிஸில் கண்டிப்பு அதிகம். நடந்த பிரச்சினைக்குப் பதில் சொல்வார்கள், நடக்காததைப் பற்றிக் கற்பனையாகக் கேட்பதை விரும்ப மாட்டார்கள். மூத்த மாணவர்கள்கூடக் கேட்கத் தயங்குவார்கள். அவர்கள் இந்தப் புதிய மேற்கத்திய மாணவரைக் கண்டதும், தங்கள் கேள்விகளை அவர் வாயில் போட்டார்கள். அவரும் கேட்டார். ஒரு பதில் கிடைத்ததும், இப்படி இருந்தால் என்ன, அப்படி மாறினால் என்ன என்று அடுத்தடுத்துத் தொடுத்தார். ஒரு நாள் இமாம் அவர்கள் சலித்துப்போய், இது சங்கிலியின் மகள் சங்கிலியாக நீள்கிறதே, இதெல்லாம் வேண்டுமென்றால் இராக்குக்குப் போ என்ற கருத்தில் சொல்லிவிட்டார்கள். விடைபெறும்போது இறையச்சத்தையும், குர்ஆனையும், மக்களுக்கு நலம் நாடுவதையும் வஸிய்யத்தாகச் சொல்லி அனுப்பினார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது.

அஸத் இராக்குக்குத்தான் போனார். அங்கே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான காஜி அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) ஆகியோரிடம் சேர்ந்தார். ‘இப்படி நடந்தால்’ என்று கேட்டுக் கேட்டுச் சட்டத்தை விரிப்பதே அந்த மஜ்லிஸின் வழக்கம் என்பதால், அவருக்கு மீன் குளத்தில் விழுந்தது போலாகிவிட்டது. ஆனால் ஒரு சங்கடம். பொது மஜ்லிஸில் கூட்டம் அதிகம், அவருக்கோ தங்கும் நாளும் குறைவு, செலவுக்குப் பணமும் குறைவு. அதை இமாம் முஹம்மதிடம் சொன்னார். பகலில் இராக் மாணவர்களோடு உட்கார், இரவில் உனக்குத் தனியாக ஓதித் தருகிறேன் என்றார்கள் இமாம். இரவுகளில் பாடம் நடக்கும்போது இமாமின் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். மாணவர் தூங்கி விழுந்தால் கையில் தண்ணீர் எடுத்து முகத்தில் தெளிப்பார்கள். விழித்துக்கொள்வார், பாடம் தொடரும்.

மதரஸாவில் ஃபஜ்ருக்குப் பின் கிதாபோடு உட்கார்ந்து தூங்கி வழிந்த அனுபவம் நமக்கும் உண்டு. நமக்குக் கிடைத்தது தண்ணீர் அல்ல என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே நல்லது.

இன்னொரு நாள், தர்மத் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் அஸத் குடித்துக்கொண்டிருந்ததை இமாம் முஹம்மத் பார்த்துவிட்டார்கள். இதையா குடிக்கிறாய் என்று கேட்க, நான் வழிப்போக்கன்தானே என்று பதில் வந்தது. அன்றிரவே அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்கள் இங்கே ஒரு தொடர்பைக் கவனிக்கலாம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் முதலில் இமாம் மாலிக்கிடம் ஓதிவிட்டு, பிறகு இதே இமாம் முஹம்மதிடம் வந்து ஓதியவர்கள்தான்.

ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) மதீனாவிலிருந்து இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மரணச் செய்தி வந்தது. இராக்கே துயரத்தில் ஆழ்ந்ததை அஸத் கண்ணால் பார்த்தார். எந்த மனிதரிடம் தாம் போதிய அளவு இருக்கவில்லையோ, அவருக்காக இந்தத் தொலைதூர நாட்டில் ஆலிம்கள் அழுகிறார்கள் என்பது அவரை உலுக்கியது. தவறவிட்டதை இமாமின் மாணவர்களிடமிருந்தாவது பெறுவோம் என்று எகிப்துக்குப் புறப்பட்டார்.

எகிப்தில் இப்னு வஹ்ப் (ரஹ்) அவர்களிடம் இராக்கில் திரட்டிய கேள்விகளை வைத்து, இவற்றுக்கு மாலிக்கின் மத்ஹபில் பதில் சொல்லுங்கள் என்றார். அவர்கள் பேணுதலால் மறுத்துவிட்டார்கள். அடுத்து இப்னுல் காஸிம் (ரஹ்) அவர்களிடம் சென்றார். இமாம் மாலிக்கோடு நீண்ட காலம் இருந்த அவர்கள் சம்மதித்தார்கள். நினைவில் உறுதியாக இருந்ததை அப்படியே சொன்னார்கள், உறுதியில்லாததை ‘எண்ணுகிறேன்’, ‘நினைக்கிறேன்’ என்று சொல்லிச் சொன்னார்கள், வேறு சிலவற்றை இமாமின் மற்றத் தீர்ப்புகளோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள். கேள்விகள் இராக்கினுடையவை, பதில்கள் மதீனாவினுடையவை. இப்படி உருவான தொகுப்புதான் ‘அல்அஸதிய்யா’.

அதைப் பிரதி எடுத்துக்கொள்ள எகிப்து மாணவர்கள் கேட்டபோது அவர் மறுத்தார். அவர்கள் காஜியிடம் வழக்கே போட்டுவிட்டார்கள். ஒருவர் கேட்டார், ஒருவர் பதில் சொன்னார், பதில் சொன்னவர் உங்கள் நடுவிலேயே இருக்கிறார், நீங்களும் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே அஸதின் வாதம். சட்டப்படி அதை மறுக்க முடியவில்லை. பிறகு வேண்டுகோளாகக் கேட்டதும் கொடுத்துவிட்டார். வழக்கில் ஜெயித்துவிட்டுப் பொருளை விட்டுக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹிஜ்ரி 181இல் (கி.பி. 797) கைரவான் திரும்பி ஓதிக்கொடுக்கத் தொடங்கினார். இரு பள்ளிகளையும் கற்றவர் என்பதால் அவருடைய மஜ்லிஸில் ஹனஃபிகளும் மாலிகிகளும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். அவர் இராக் ஆலிம்களின் கருத்துகளை விரித்து முடித்ததும், மதீனா வழியைச் சேர்ந்த பெரியவர்கள், அபூ அப்தில்லாஹ்வே, இரண்டாவது விளக்கையும் ஏற்றுங்கள் என்பார்களாம். உடனே மதீனா ஆலிம்களின் கருத்துகளைத் தொடங்குவார். ஒரே ஊரில் ஒரே தெருவில் இரண்டு மத்ஹபுப் பள்ளிவாசல்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த ஒரே மஜ்லிஸைக் கற்பனை செய்து பார்ப்பதே இதமாக இருக்கிறது.

இனி வரும் சம்பவம் அவருடைய வாழ்வில் மனதைக் கனக்கச் செய்வது. கைரவானைச் சேர்ந்த இளைய ஆலிம் ஸஹ்னூன் (ரஹ்), அஸதிய்யாவைப் பிரதி எடுத்துக்கொண்டு ஹிஜ்ரி 188இல் எகிப்து போனார். இப்னுல் காஸிமிடம் முழுவதையும் மீண்டும் ஓதிக் காட்டினார். இப்னுல் காஸிம் (ரஹ்) தாம் முன்பு சொன்னவற்றில் பலவற்றை மாற்றினார்கள், ஐயத்தோடு சொன்ன சிலவற்றை நீக்கினார்கள். பிறகு அஸதுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்கள்: உங்கள் பிரதியை ஸஹ்னூனின் பிரதிப்படி திருத்திக்கொள்ளுங்கள்.

அஸத் முதலில் இணங்கவே இருந்தார் என்கிறார்கள். சுற்றியிருந்த மாணவர்கள் விடவில்லை. நீங்கள் மாலிக்கையே நேரில் கண்டவர், நேற்று வந்தவரின் பிரதிக்குக் கீழ்ப்படிவதா என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் அவர் திருத்தவில்லை. அந்தச் செய்தி இப்னுல் காஸிமை வருத்தியது. மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அஸதிய்யாவை விட்டுவிட்டு ஸஹ்னூனின் திருத்திய பிரதிக்குப் போனார்கள். அதுதான் ‘அல்முதவ்வனா’. மாலிகி மத்ஹபில் முவத்தாவுக்கு அடுத்த இடம் இன்றுவரை அதற்குத்தான். அந்தக் கேள்விகளுக்கு அடித்தளமிட்டவர் அஸத், நிலைத்த பெயரோ ஸஹ்னூனுக்கு.

அவரைக் குறைசொல்ல நாம் இதை எழுதவில்லை. மாணவர்கள் உஸ்தாதுக்காக ரோஷப்படும்போது உஸ்தாத் உண்மையைப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. இதை நம் காலத்து மஜ்லிஸ்களிலும் பார்க்கிறோம்.

இஃப்ரீகிய்யாவை அப்போது அக்லபிய அமீர்கள் ஆண்டார்கள். பெயரளவில் பக்தாதின் கலீஃபாவுக்குக் கட்டுப்பட்டவர்கள், நடைமுறையில் தனி ஆட்சி. அமீர் ஸியாததுல்லாஹ், ஹிஜ்ரி 203 வாக்கில் அஸதைக் கைரவானின் காஜியாக்கினார். ஏற்கனவே காஜியாக இருந்த அபூமுஹ்ரிஸ் (ரஹ்) நீக்கப்படவில்லை. ஒரே நகரில், ஒரே நேரத்தில் இரண்டு காஜிகள்! அபூமுஹ்ரிஸ் நிதானமானவர், அஸத் விவாதத்தில் கூர்மையானவர். இருவருக்கும் ஒத்துப்போனது அபூர்வம்.

ஹிஜ்ரி 212இல் அந்த வேறுபாடு ஒரு நாட்டின் போர் முடிவாக வந்து நின்றது. ஸிஸிலியில் பைஸாந்தியக் கப்பற்படைத் தலைவன் யூஃபீமியஸ் தன் பேரரசன் இரண்டாம் மைக்கேலுக்கு எதிராகக் கலகம் செய்தான். ஒரு கன்னியாஸ்திரீயைக் கட்டாயமாக மணந்தான் என்ற குற்றச்சாட்டும், அதற்காக மூக்கை அறுக்க உத்தரவு வந்ததும்தான் கலகத்துக்குக் காரணம் என்று சொல்வதுண்டு. முதலில் ஸிரகூஸா நகரைப் பிடித்தான், பிறகு தன் ஆட்களாலேயே கைவிடப்பட்டுக் கப்பல்களோடு இஃப்ரீகிய்யாவுக்கு ஓடி வந்து அமீரிடம் உதவி கேட்டான்.

ஆனால் ஸிஸிலியோடு ஏற்கனவே சமாதான ஒப்பந்தம் இருந்தது. அதில் ஒரு நிபந்தனை: அங்கு இருக்கும் முஸ்லிம்களில் யார் திரும்ப விரும்பினாலும் அனுப்பிவிட வேண்டும். இப்போது அங்கே முஸ்லிம் கைதிகள் அடைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி. அப்படியானால் ஒப்பந்தம் முறிந்துவிட்டதா? அமீர் ஆலிம்களையும் பிரமுகர்களையும் கூட்டிக் கேட்டார்.

உறுதியாகத் தெரியும்வரை பொறுப்போம் என்றார் அபூமுஹ்ரிஸ். அவர்களுடைய தூதர்களையே கேட்போம் என்றார் அஸத். தூதர்களின் பேச்சை வைத்து அவர்கள் மீதே எப்படித் தீர்ப்பளிப்பது என்று அபூமுஹ்ரிஸ் மடக்கினார். தூதர்களின் பேச்சை நம்பித்தானே சமாதானமே செய்தோம், முறிந்ததற்கும் அவர்கள் சொல்லே போதும் என்று அஸத் பதில் கொடுத்தார். சூரா முஹம்மதின் 35ஆவது வசனத்தையும் ஆதாரமாகக் காட்டினார். தூதர்களை விசாரித்தபோது கைதிகள் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். அமீருக்கு அது போதுமானதாக இருந்தது.

யார் சொன்னது சரி? கல்லூரியில் வரலாறு படித்த நாட்களில் இந்தக் கேள்வியை நாம் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறோம். அமீருக்கு அந்நேரம் ஒரு வெளிநாட்டுப் போர் வசதியாக இருந்தது என்பதையும் மறைக்க முடியாது. அவருடைய அரபுப் படையினர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பெரும் கலகம் செய்து ஆட்சியையே ஆட்டியிருந்தார்கள். அவர்களைக் கடலுக்கு அப்பால் அனுப்புவது அவருக்கு நிம்மதி. ஆயினும், போருக்கு முன் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று இரண்டு நீதிபதிகளை எதிரெதிராக உட்காரவைத்து அவர் கேட்டார் என்பதும் உண்மை. நம் மனம் அபூமுஹ்ரிஸின் நிதானத்தின் பக்கமே சாய்கிறது. அஸதின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கவும் நமக்கு முடியவில்லை.

படைக்குத் தலைமை தாங்க அஸதையே அமீர் நியமித்தார். அவருக்கு அதில் ஒரு மனக்குறை. ஹலால் ஹராமைப் பார்க்கும் காஜி பதவியிலிருந்து இறக்கி என்னைத் தளபதியாக்குகிறீர்களா என்று கேட்டார். காஜி பதவி உங்களிடமே இருக்கட்டும், கூடவே தலைமையையும் தருகிறேன் என்றார் அமீர். இரண்டு பதவிகளையும் ஒருசேர வகித்தவர் இஃப்ரீகிய்யாவில் அவருக்கு முன் இருந்ததில்லை என்கிறார்கள்.

ஸூஸாவில் அவர் கப்பலேறிய நாளில் ஆலிம்களும் பிரமுகர்களும் பொதுமக்களும் வழியனுப்பத் திரண்டார்கள். முரசுகள், கொடிகள், கனைக்கும் குதிரைகள். அந்த ஆரவாரத்தைப் பார்த்துவிட்டு அவர் பேசியதைக் கைரவான் ஆலிம்களின் வரலாற்று நூல்கள் பாதுகாத்து வைத்திருக்கின்றன. என் தந்தையோ பாட்டனாரோ எந்த ஆட்சிப் பதவியும் வகித்தவர்கள் அல்லர், எங்கள் முன்னோரில் எவரும் இப்படியொரு காட்சியைக் கண்டதும் இல்லை, இது எனக்குக் கிடைத்தது எழுதுகோலால்தான், ஆகவே கல்வியைத் தேடுவதில் உங்களை வருத்திக்கொள்ளுங்கள், சேகரியுங்கள், பொறுமையாக இருங்கள் என்பதே அதன் சாரம். போர்முனைக்குப் புறப்படும் தளபதியின் பேச்சில் வாளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

மூன்று நாளில் ஸிஸிலியின் மேற்குக் கரையில் மாஸர் என்ற ஊரில் இறங்கினார்கள். பைஸாந்தியத் தரப்பில் பலாத்தா என்பவன் பெரும்படையோடு எதிர்த்து வந்தான். யூஃபீமியஸையும் அவன் ஆட்களையும் அஸத் ஒதுங்கி நிற்கச் சொன்னார், உங்கள் உதவி எங்களுக்குத் தேவையில்லை என்றார். கையில் கொடியோடு யாஸீன் ஓதியபடி முன்னால் நின்றார் என்றும், ஈட்டிக் கம்பில் வழிந்த இரத்தம் அவருடைய முழங்கை வரை இறங்கியிருந்தது என்றும் அறிவிப்புகளில் வருகிறது. பலாத்தா தோற்று ஓடினான். படை தீவின் கிழக்கு முனையில் இருந்த தலைநகர் ஸிரகூஸாவை நோக்கி நடந்தது.

ஸிரகூஸாவின் மதில்கள் எளிதில் விழவில்லை. முற்றுகை குளிர்காலம் முழுவதும் நீண்டது. உணவு தீர்ந்தது, வீரர்கள் குதிரைகளை அறுத்துத் தின்னும் நிலை வந்தது. இப்னு காதிம் என்பவர் தலைமையில் சிலர் வந்து, ஊர் திரும்பிவிடுவோம், ஒரு முஸ்லிமின் உயிர் இந்த முழுத் தீவையும்விட மேலானது என்றார்கள். அஸத் இணங்கவில்லை. கப்பல்களை எரித்துவிடுவேன் என்று எச்சரித்தார். இப்னு காதிமுக்குச் சில கசையடிகள் கொடுத்து அந்தப் பேச்சை அடக்கினார். கிதாபைத் திருத்த மறுத்த அதே உறுதிதான் இங்கேயும் தெரிகிறது. பசித்த மனிதர்களின் கோரிக்கை அநியாயமானது என்றும் நம்மால் சொல்ல முடியவில்லை.

பிறகு இஃப்ரீகிய்யாவிலிருந்து உதவிப்படை வந்தது. முகாமில் கொள்ளைநோயும் வந்தது. ஹிஜ்ரி 213இல் (கி.பி. 828) முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே அஸத் இப்னுல் ஃபுராத் (ரஹ்) மரணமடைந்தார். போர்க் காயங்களால் என்று சிலரும், நோயால் என்று சிலரும் எழுதியுள்ளார்கள். ஸிரகூஸாவின் கதவு அவர் கண்ணெதிரே திறக்கவில்லை. அடுத்து வந்த தளபதி முற்றுகையைக் கைவிட வேண்டியதாயிற்று. பலெர்மோ கி.பி. 831இல் கைவசமானது. ஸிரகூஸா விழுந்தது 878இல், அதாவது அவர் இறந்து 50 ஆண்டுகளுக்குப் பின். நார்மன்கள் வந்து 1091இல் தீவு முழுவதையும் பிடிக்கும்வரை முஸ்லிம் ஆட்சி அங்கே நீடித்தது.

அவர் கரையிறங்கிய மாஸர் இன்றும் மாஸாரா என்ற பெயரில் இத்தாலியின் மீன்பிடித் துறைமுகமாக இருக்கிறது. அதன் பழைய பகுதியைக் கஸ்பா என்றே அழைக்கிறார்கள். தூனிஸியாவிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் இப்போது அங்கே வசிக்கின்றன. நம் மதரஸாக்களில் ஸஹீஹ் முஸ்லிமை இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் விரிவுரையோடு ஓதும் மாணவர்கள், ‘மாஸரீ கூறினார்’ என்ற சொற்களை அடிக்கடிக் கடந்து போவார்கள். அந்த இமாம் மாஸரீ (ரஹ்) இந்த ஊரின் பெயரைத் தாங்கியவர்தான். மாலிகி மத்ஹபின் பேரறிஞர், ஸஹீஹ் முஸ்லிமுக்கு ‘அல்முஃலிம்’ என்ற விரிவுரை எழுதியவர். ஹிஜ்ரி 536இல் (கி.பி. 1141) இஃப்ரீகிய்யாவின் மஹ்தியா நகரில் மரணமடைந்தார். அவருடைய கப்ரு முனஸ்தீரில், அஸத் கப்பலேறிய ஸூஸாவுக்குத் தெற்கே, அதே கடற்கரையில் இருக்கிறது.